கபரகொய்யாவுக்கு விரதம் தெரியாது

தேத்தண்ணீருக்குச் சீனி போடவில்லை, ஐயா. இந்த வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்திக் கனகாலம். தட்டில் பனங்கட்டி இருக்கிறது, ஒரு கடி கடித்துக்கொண்டு குடியுங்கள். மரண விசாரணைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். என் பெயர் கேதீஸ்வரி. செத்துப்போன பரமலிங்கம் என் புருசன். படுத்திருந்தவருடைய காலைக் கபரகொய்யா எப்படித் தின்றது என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். முதலில் இருந்து சொல்கிறேன். இடையில் மறித்துக் கேட்காவிட்டால் எனக்கு வசதி.

கபரகொய்யாவைப் பற்றி ஊரில் கதைப்பதில் பாதிக்கு மேல் பொய். அது துப்பினால் உடம்பு அழுகும் என்பார்கள். அதன் நிழல் பட்டால் தோல் வெளுக்கும் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் சின்ன வயதில் இந்தப் பக்கத்தில் உடும்புதான் அதிகம். உடும்பைக் கண்டால் சனம் கறிச்சட்டியைத் தேடும். கபரகொய்யா அதே சாதிதான், ஆனால் வாலோடு அளந்தால் என்னைவிட நீளம், கறிக்கும் உதவாது. அதனால்தான் அதற்குக் கெட்ட பெயர். உண்மையான ஆபத்து இரண்டே இரண்டு. வாலால் அடித்தால் எலும்பு முறியும், முன்வீட்டு நாய்க்கு அப்படித்தான் முறிந்தது. மற்றது வாய். அழுகியதைத் தின்கிற வாய், கடித்த இடம் லேசில் ஆறாது.

ஆனால் நிற்கிற, நடக்கிற, சத்தம் போடுகிற மனிதரை அது கிட்டவும் நெருங்காது. விளக்குமாற்றைத் தூக்கினால் ஓடிவிடும். அசையாமல் படுத்திருப்பவர், அதுவும் புண் மணக்கிறவர் என்றால் அதன் கணக்கு வேறு. அதற்கு அவர் மனிதர் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அது இருந்தது பக்கத்து வளவில். அந்த வளவு என் மச்சாள் கனகாம்பிகையுடையது, என் புருசனின் தமக்கை. குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். திறப்பு எங்களிடம் இருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது, கிணற்றுக்கட்டு இடிந்து பற்றை மூடிவிட்டது. கபரகொய்யாவுக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு பொட்டு உண்டு. ஆள் குனிந்து போய்வர வேலியில் விட்ட இடைவெளி. சகோதரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அந்த வழியாகத்தான் கறியும் கதையும் போய்வரும். பொட்டை அடைத்தால் முகம் முறித்துக்கொண்டோம் என்று அர்த்தம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே.

அது அந்தப் பொட்டால்தான் வரும். முதலில் கோழிக்குஞ்சுக்கு வந்தது. வனஜீவராசித் திணைக்களத்திலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு நல்ல புத்திதான் சொன்னான். "அடிக்கக்கூடாது அம்மா, சட்டத்திலை இருக்கு. உந்தப் பொட்டை ஒரு தகரம் வைச்சு அடையுங்கோ. மீன்குடல் கோழிக்குடலை வளவுக்குள்ளை எறியாதேங்கோ. தன்ரை பாட்டிலை போயிடும்."

என் புருசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்காவின்ரை பொட்டை அடைக்கிறதோ? ஞாயிற்றுக்கிழமை போனிலை வீட்டைக் காட்டச் சொல்லுவா. தகரத்தைக் கண்டா என்ன நினைப்பா? அந்தக் கதையை இனிக் கதையாதையும்."

பொட்டை ஏன் அடைக்கவில்லை என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் கேள்விக்குப் பதில் இதுதான். அடைக்க வேண்டாம் என்றது அவர். பிறகு எனக்கும் அது திறந்திருப்பது தேவைப்பட்டது.

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல மனுசன். குடித்து அடித்தார் என்று சொல்ல முடியாது. பஸ் சாரதியாக இருந்தவர். கால் ஓரிடத்தில் தரியாது. பஸ் ஓடாத நாளில் சைக்கிள் ஓடும். காலையில் சேர்ட்டை மாட்டினால் எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. கலியாணம் கட்டிய புதிதில் கேட்டேன், "வாறன்" என்றார். எங்கே என்று கேட்டதற்கு வாறன் என்பது பதிலா? பென்சன் எடுத்த பிறகும் அதே வாறன்தான்.

மானிப்பாயில் செல்வநாயகி என்று ஒருவர் இருக்கிறார். சின்னக் கடை வைத்திருக்கிறார், புருசன் இல்லை. ஊருக்கே தெரியும், எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரியும். அவரைப் பற்றி நான் கெட்டதாக ஒன்றும் சொல்லமாட்டேன். அவர் காய்ச்சும் ஒடியல் கூழ் நல்லது என்று இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை நானும் நண்டு கூடப் போட்டுக் காய்ச்சினேன். சாப்பிட்டுவிட்டு, "இதுவும் பரவாயில்லை" என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் மானிப்பாயில் நிற்கிற நாட்களில் இந்த வீட்டில் நான் கதைக்கிற ஒரே சீவன் கோழிதான். அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யாரும் ஒரு நாளும் வந்து விசாரித்ததில்லை.

பிறகு அவருக்கு இருந்த சீனி வருத்தம், நீரிழிவு, முற்றியது. பாதம் மரத்துப்போனது. கண்ணாடித் துண்டு ஒன்று ஏறி, அதோடேயே மானிப்பாய் போய்வந்திருக்கிறார், தெரியவில்லை. செருப்புக்குள் சீழைக் கண்டது நான்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டுச் சொன்னார்கள், காலைக் கீழே வைக்கக்கூடாது, நாளாந்தம் கழுவி மருந்து கட்டவேண்டும் என்று. விறாந்தையில் கட்டில் போட்டேன். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

அந்த மாதங்கள் எனக்குச் சந்தோசமாக இருந்தன. மறைக்க என்ன இருக்கிறது? காலையில் கண் திறந்ததும், "இஞ்சாரும், இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. மத்தியானம் எங்கே நிற்பார் என்று அவருக்கே தெரியாதபோது எப்படிக் கேட்பார்? கட்டிலில் சாய்ந்திருந்து வெங்காயம் உரித்துத் தருவார். பஸ்ஸில் ஏறிய சனத்தைப் போலக் கதைத்துக் காட்டுவார், நான் குசினியில் இருந்து சிரிப்பேன். முன்வீட்டுப் பிள்ளை, "மாமி, உங்களுக்கு வயசு குறைஞ்சுபோச்சு" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், அவள் சொன்னது சரி.

புண்ணைக் கழுவும்போது அவர் பேப்பர் படிப்பார். ஒன்றும் தெரியாது அவருக்கு. ஒரு நாள் தையல் ஊசியால் குதிக்காலில் குத்திப் பார்த்தேன். பக்கத்தைப் புரட்டினார். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குத்திப் பார்த்தேன். "மழை வரப்போகுதாம்" என்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்கு நோகாது என்பதை நான் முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன். நோக வைக்கிற ஆள் நான் இல்லை.

நன்றாகப் பார்த்ததால் புண் ஆறத் தொடங்கியது. அதுதான் எல்லாம் பிழையாகிப்போன இடம். கிளினிக்கில் மருந்து கட்டுகிற மிஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்களைப்போல ஆரும் பாக்கிறேல்லை. இப்பிடியே போனாப் பொங்கலுக்கு ஐயா சைக்கிள் ஓடுவார்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. திரும்பி வரும்போது ஓட்டோவில் வெளியே பார்த்தபடி சொன்னார், "மானிப்பாய்ப் பக்கம் போய்க் கனகாலம். அதுகளும் என்ன பாடோ தெரியேல்லை."

"ஓம், முதல்லை கால் ஆறட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முன்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சைக்கிளுக்குக் காற்று அடிப்பித்தார். கட்டிலில் இருந்தபடியே தெரிகிற மாதிரிச் சைக்கிளைத் தூணோடு சாத்தி வைக்கச் சொன்னார். நான் அதன் சீற்றைத் துடைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அந்தக் கால் ஆறினால் அவர் போவார், ஆறாவிட்டால் இருப்பார். அவரிடம் கெஞ்சலாம், அழலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதெல்லாம் நான் இளமையிலேயே செய்து முடித்துவிட்டேன்.

முதலில் மருந்து கட்டுவதில்தான் கவனத்தைக் குறைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை, கிளினிக்கில் மிஸ் கண்டுபிடித்துத் திரும்பவும் ஒழுங்காக்கிவிடுவார். அவிழ்த்த துணிகளை வேலியோரம் கிடங்கு வெட்டித் தாட்டு வந்தேன். அடுத்த நாள் பார்த்தால் கிடங்கு கிளறி இருக்கும், துணி இருக்காது. அதிலிருந்து மீன்குடலையும் அந்தக் கிடங்கில் போட்டேன். பிறகு கிடங்கில் போடாமல் முருங்கையடியில் போட்டேன். பிறகு கிணற்றடியில். பிறகு விறாந்தைப் படிக்குப் பக்கத்தில். நல்ல வெயில் ஏறிய பிறகுதான் அது வரும், மத்தியானச் சோறு தின்றுவிட்டு அவர் கண்ணயர்கிற நேரம். ஒருமுறை விழித்துக் கண்டுவிட்டார். "உந்தச் சனியனைக் கலையும்!" என்று கத்தினார். நான் விளக்குமாற்றோடு ஓடிப்போய்க் கலைத்தேன். நானே வரவழைத்து நானே கலைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீனோ முட்டையோ வாசல் தாண்டி வராது. சட்டி பானைகூட வேறு. கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து அப்படித்தான். கபரகொய்யாவுக்கு விரதம் தெரியாது, அது வெள்ளிக்கிழமையும் வரும். படியடியில் தேடும், கிணற்றடியில் தேடும், ஒன்றும் கிடைக்காமல் நாக்கை நீட்டி நீட்டி விறாந்தைப் பக்கம் தலையைத் தூக்கும். மற்ற நாட்களில் பாதி வயிறு நிறைந்த பிறகு மனிதவாடைக்குப் பயந்து திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை திரும்பாது. இரண்டு வெள்ளி அதைப் பார்த்தேன். மூன்றாம் வெள்ளி அவருடைய கட்டை அவிழ்த்தேன்.

"காத்துப் படட்டும், ஈரமாக் கிடக்கு" என்றேன்.

"நீர் சொன்னாச் சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று வீட்டில் மச்சம் என்று இருந்தது அவருடைய கால் ஒன்றுதான்.

நான் முழுகி, விளக்கேற்றி, குசினியில் திருவலையைப் போட்டு இருந்தேன். யன்னலால் விறாந்தை தெரியும். அது படியேறியது. நாக்கால் தடவிப் பார்த்தது. தேங்காய்ப் பாதியை இரண்டு தரம் கையில் எடுத்துக் கீழே வைத்தேன், அதையும் எழுதுங்கள். நான் கல்லில்லை. ஆனால் யோசித்துத்தான் இருந்தேன். ஒரு விரல் போனால் திரும்பவும் மருந்து கட்டுவார்கள், திரும்பவும் ஆறும், திரும்பவும் சைக்கிள். பாதம் முழுக்கப் பழுதானால்தான் காலை எடுப்பார்கள். அதனால் உடனே எழும்பவில்லை. தேங்காய்ப் பாதியைத் திருவி முடித்தேன். அதுவரைக்கும் அவருடைய குறட்டை மாறவில்லை. பிறகுதான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கத்தியபடி ஓடினேன். அந்தக் கத்தல் நடிப்பில்லை. கிட்டப்போய்ப் பார்த்தபோது தானாக வந்தது.

அவிழ்த்த கட்டை மடித்து யன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். எதையும் மடித்து வைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கபரகொய்யா துணி மடிக்காது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டொக்டர் மிகவும் கவலைப்பட்டு, தயங்கித் தயங்கித்தான் எனக்குச் சொன்னார். நான் அழுதேன். எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனால் அழுதேன். சக்கரக் கதிரை வாங்கவேண்டும், கழிப்பறைப் படியை இடித்துச் சரிவாக்கவேண்டும், காலையில் வெயில் படுகிற பக்கம் கட்டிலை மாற்றவேண்டும் என்று வாங்குப் பலகையில் இருந்தபடியே எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். எடுத்த காலை என்ன செய்வது என்று ஒருவர் வந்து கேட்டார். பலர் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடுவார்களாம், சிலர் கேட்டு வாங்கிப்போய்ப் புதைப்பார்களாம். நான் தாருங்கள் என்றேன். வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். அன்று மாலையே தாட்டேன், ஆழமாக, மேலே கல் பரப்பி.

கபரகொய்யாவின் வாயைப் பற்றி நான் முன்பே சொன்னேன். தெரிந்திருந்தும் அதைக் குறைத்து மதித்துவிட்டேன். காலில்தான் நஞ்சு நிற்கும், காலோடு போய்விடும் என்று நினைத்தேன். அது இரத்தத்தில் ஏறிவிட்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை. நினைவு வந்த நேரத்தில் என் கையைத் தேடிப் பிடித்தார். "கேதீஸ், நீர் சத்தம் போட்டிராட்டி அது என்னை முழுசாத் திண்டிருக்கும்" என்றார். "இனி எங்கையும் போகமாட்டன். உம்மோடைதான்."

நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். கேட்டேன். அடுத்த நாள் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குச் செல்வநாயகியும் வந்திருந்தார். ஒதுக்கமாக வேலிப்பக்கம் நின்றார், நான்தான் கதிரை போடச் சொன்னேன். கொள்ளி வைக்க வந்தது செந்தூரன், இவருடைய தமையனின் மகன். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

"சித்தி, காலில்லாமல் சித்தப்பாவைக் கட்டையிலை ஏத்தேலாது. முழுசாத்தான் போகவேணும். எங்கை தாட்டனீங்கள்? நான் கிண்டி எடுக்கிறன்."

"மறந்துபோனன்" என்றேன்.

"போன கிழமை தாட்டதை மறப்பீங்களோ?"

"மறந்துபோனன் தம்பி."

ஐயர் கேட்டார், சபையில் பெரியவர்கள் கேட்டார்கள், கனகாம்பிகை மச்சாள் போனில் அழுது கேட்டார். நான் அசையவில்லை. ஒற்றைக் காலோடு அவரைக் கொண்டுபோய் எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் செந்தூரனுக்குச் சந்தேகம் வந்தது. தாட்ட இடத்தைக் காட்டாதவள் வேறெதையோ மறைக்கிறாள் என்று நினைத்து உங்களிடம் வந்திருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை. பொடியள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கபரகொய்யாவையும் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அது பாவம். பசித்தது, தின்றது.

நீங்கள் வந்தபோது படலைக்கு வெளியே இரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். அதனால்தான் உங்களுக்கு வேலை வைக்காமல் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். காலைக் கிண்டியெடுத்துப் பல்லுத்தடம் பார்க்கத் தேவையில்லை. கட்டை அவிழ்த்தது நான். பசியோடு அதை வரவழைத்தது நான். தேங்காய் திருவி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். பரமலிங்கத்தைக் கொன்றது கேதீஸ்வரி என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். பொலிசுக்கும் இதையே சொல்வேன், நீதவானுக்கும் இதையே சொல்வேன்.

அந்த ஆட்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஐயா. மற்றவர்கள் எரித்ததும் கரைத்ததும் எனக்குத் தெரியாது. காலையில் எழும்பியதும் நான் கால் தாட்ட அந்த இடத்தில்தான் போய் இருக்கிறேன், இன்றைக்கு என்ன கறி என்று சொல்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கிற மனுசனை, நீங்கள் ஏன் வெளியே கிளப்பப் பார்க்கிறீர்கள்?